சங்கொலியில் விடிந்த நகரம்

ஒரு நகரம் முழுவதும் ஒரே சங்கொலிக்குக் கண்விழித்த காலம் ஒன்று இருந்தது. இங்கிலாந்தின் தென்மேற்கில், வில்ட்சயர் மாவட்டத்தில், இலண்டனுக்கு மேற்கே ஏறத்தாழ 80 மைல் தொலைவில் அமைந்துள்ள சுவிண்டன் நகரமே அது. அங்கிருந்த இரயில் பணிமனையின் நீராவிச் சங்கு, விடியற்காலையில் முதன்முறை ஊதும்போது வீடுகளில் விளக்குகள் எரியத் தொடங்கும். அடுத்தடுத்த சங்கொலிகள் நேரம் நெருங்குவதை உணர்த்தும். இறுதிச் சங்கு ஊதுமுன் ஆயிரக்கணக்கான ஆடவர் பணிமனையின் வாயில்களுக்குள் நுழைந்திருக்க வேண்டும். மாலையில் மீண்டும் சங்கு ஊதியதும், அதே கூட்டம் மிதிவண்டி வெள்ளமாய்த் தெருக்களை நிறைக்கும். கடிகாரத்தைத் திருத்தி வைப்பதற்கும், உணவை அடுப்பிலேற்றுவதற்கும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதற்கும் இல்லத்தரசியர்க்கு அச்சங்கே துணை நின்றது.

சுவிண்டன் செய்து அனுப்பிய நீராவி எஞ்சின்களைப் பற்றி நூல்கள் பல உள. எந்த எஞ்சின் எந்த ஆண்டில் கட்டப்பட்டது, அதன் எடை என்ன, வேகம் என்ன என்பனவெல்லாம் துல்லியமாகப் பதிவு செய்யப்பட்டுள்ளன. ஆனால் அவற்றைச் செய்த கைகள் யாருடையவை? அக்கைகளுக்குரியவர் எவ்வாறு வளர்ந்தனர், எவ்வாறு உழைத்தனர், எதனை இழந்தனர்? இவ்வினாக்களுக்கு விடை தருபவை அந்நகரத்து முதியோரின் நினைவுகளே. அந்நினைவுகள் வெறும் பழங்கதைகள் அல்ல. ஏடுகள் சொல்லாமல் விட்டவற்றைச் சொல்லும் வரலாற்றுச் சான்றுகள். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்நகரம் இருந்த நிலையை அந்நினைவுகளின் வழியே காண்பது பயனுடையதாகும்.

இருப்புப்பாதை ஈன்ற ஊர்

1840ஆம் ஆண்டுவரை சுவிண்டன், குன்றின்மேல் அமைந்த ஒரு சிறு சந்தையூர். அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 2,500 பேரே. இலண்டனையும் பிரிஸ்டல் துறைமுகத்தையும் இணைக்கும் கிரேட் வெஸ்டர்ன் இரயில்பாதை அப்போது உருவாகிக்கொண்டிருந்தது. அதன் தலைமைப் பொறியாளர் இசம்பார்ட் கிங்டம் புரூனல். எஞ்சின்களுக்குப் பொறுப்பேற்றிருந்தவர் டேனியல் கூச் என்னும் இளைஞர். எஞ்சின்களைப் பழுது பார்ப்பதற்குச் சுவிண்டனே தக்க இடமென 1840இல் கூச் பரிந்துரைத்தார். 1843இல் பணிமனை இயங்கத் தொடங்கியது.

குன்றின் அடிவாரத்தில் புதிய ஊர் ஒன்று எழுந்தது. தொழிலாளர்க்கென ஏறத்தாழ 300 கல்வீடுகள் வரிசை வரிசையாகக் கட்டப்பட்டன. பிரிஸ்டல் தெரு, பாத் தெரு, எக்சிட்டர் தெரு, இலண்டன் தெரு, ரெடிங் தெரு என, இரயில் சென்று சேரும் ஊர்களின் பெயர்களே தெருக்களுக்கும் இடப்பட்டன. தேவாலயமும் பள்ளியும் பூங்காவும் நிறுவனத்தின் ஆதரவில் தோன்றின. குன்றின் மேலிருந்த பழைய ஊரும் அடிவாரத்துப் புதிய ஊரும் 1900ஆம் ஆண்டில் ஒரே நகராட்சியாயின. பணிமனை உச்சநிலையில் இருந்த காலத்தில் அங்கு 14,000 பேருக்கு மேல் வேலை செய்தனர். 1951ஆம் ஆண்டில் நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 69,000. பணிமனையோடு ஏதேனும் ஒருவகையில் தொடர்பில்லாத குடும்பத்தைக் காண்பது அரிதாக இருந்தது.

இந்நெருக்கத்தை அவ்வூர் வழக்குச் சொல் ஒன்று நன்கு காட்டும். பணிமனையில் வேலை செய்வதை அவ்வூரார் 'உள்ளே இருப்பது' என்றே வழங்கினர். “உன் தந்தை எங்கே வேலை பார்க்கிறார்?” என்று கேட்டால், “உள்ளே” என்று பிள்ளை விடை கூறும். இங்கிலாந்தின் பிற பகுதிகளில் அச்சொல் சிறைவாசத்தைக் குறிப்பது. வெளியூரார் கேட்டுத் திடுக்கிடுவர். சுவிண்டன் மக்களோ அதனைப் பெருமையுடன் சொல்வர். நிலையான வேலை, நிலையான ஊதியம், கைத்தொழில் மதிப்பு ஆகிய அனைத்தும் அச்சொல்லில் அடங்கியிருந்தன.

பங்கீட்டுக் காலத்துப் பிள்ளைகள்

இரண்டாம் உலகப் போர் 1945இல் முடிந்தது. ஆனால் தட்டுப்பாடு முடியவில்லை. 1940இல் தொடங்கிய உணவுப் பங்கீடு 1954ஆம் ஆண்டு சூலைத் திங்கள்வரை நீடித்தது. இனிப்புப் பண்டங்களுக்கு இருந்த கட்டுப்பாடு 1953ஆம் ஆண்டு பிப்ரவரியில் நீங்கிய நாளில், பிள்ளைகள் கடைகளை மொய்த்தனர். 1947ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தைக் கடும்பனி வாட்டியது. நாடெங்கும் நிலக்கரிக்குத் தட்டுப்பாடு. அடுப்பங்கரையில் எரிந்த ஒரே நெருப்பைச் சுற்றிக் குடும்பமே அமர்ந்திருந்த அந்தக் குளிர்காலத்தை, அன்று பிள்ளைகளாக இருந்தோர் முதுமையிலும் மறக்கவில்லை.

தொழிலாளர் வீடுகள் பலவற்றில் குளியலறை கிடையாது. சுவரில் மாட்டிய தகரத் தொட்டியை வாரம் ஒருமுறை இறக்கி, அடுப்பின் முன் வைத்து, வெந்நீர் நிரப்பி, ஒருவர்பின் ஒருவராகக் குளிப்பர். கழிப்பிடம் வீட்டின் பின்புற முற்றத்தில் இருக்கும். திங்கட்கிழமை துணி வெளுக்கும் நாள். இருப்புப்பாதையை ஒட்டிய தெருக்களில், காய்ந்து கொண்டிருக்கும் வெள்ளைத் துணியில் எஞ்சின் புகையின் கரித்துகள் வந்து படிவது தாய்மார்க்கு ஓயாத தொல்லை.

1944ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் இப்பிள்ளைகளின் வாழ்வில் ஒரு கிளைவழியை உண்டாக்கியது. பதினொரு வயதில் எழுதும் தேர்வு ஒன்று அவர்களைப் பிரித்தது. தேறியவர் இலக்கணப் பள்ளி எனப்படும் உயர்நிலைப் பள்ளிக்குச் சென்றனர்; ஏனையோர் பொது நிலைப் பள்ளிக்குச் சென்று, 15ஆம் வயதில் கல்வியை முடித்துக்கொண்டனர். 1947க்கு முன் அவ்வயது வரம்பு 14ஆகவே இருந்தது. ஒரே தெருவில் விளையாடிய நண்பர் இருவர், ஒரு காலைப் பொழுதில் எழுதிய தேர்வினால் இருவேறு உலகங்களுக்குச் சென்றனர். ஆசிரியப் பணியில் இருப்போர் சிந்தித்தற்குரிய செய்தி இது.

'உள்ளே'

பள்ளியை விட்ட சிறுவனைத் தந்தையே கைப்பிடித்துப் பணிமனைக்கு அழைத்துச் செல்வது வழக்கம். முதலில் அலுவலகத்திலோ தொழிற்கூடத்திலோ ஏவல் வேலை. 16ஆம் வயதில் முறையான தொழிற்பயிற்சி தொடங்கும். 21ஆம் வயதில் அது நிறைவுறும். பயிற்சி பெறும் இளைஞன் கூடம் கூடமாக மாற்றப்பட்டு, கடைசல், பொருத்துதல் முதலிய வேலைகளைப் படிப்படியாகக் கற்பான். இடையே கட்டாய இராணுவப் பணியும் குறுக்கிடும். பயிற்சி முடியும்வரை அதனைத் தள்ளிவைக்க இசைவு உண்டு. 1960இல் கடைசி இளைஞர் அழைக்கப்பட்டதோடு அக்கட்டாயம் ஒழிந்தது.

தண்டவாளங்களுக்கு அடியே செல்லும் சுரங்கவழி ஒன்று பணிமனையின் வாயில்களுள் முதன்மையானது. அதன் வழியே நடந்து சென்றவர் ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த பித்தளை வில்லை உண்டு. வேலைக்கு வந்தமைக்கு அவ்வில்லையே சான்று. உள்ளே அவன் பெயரைவிட எண்ணே முதன்மை பெற்றது. அவ்வெண்ணை அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் தடுமாறாமல் சொல்லும் முதியோர் இருந்தனர்.

புதியவனைக் கேலி செய்வது கூடங்களின் வழக்கம். “கண்ணாடிச் சுத்தியல் வாங்கி வா” என்று மூத்தவர் அனுப்புவர். சிறுவனும் கூடம் கூடமாக அலைந்து, இறுதியில் தான் ஏமாந்ததை உணர்வான். அந்தச் சிரிப்போடு அவன் அக்கூட்டத்தில் ஒருவனாவான். ஆனால் சிரிப்பு மட்டுமே அங்கு இல்லை. கொதிகலன் கூடத்தில் இரும்புத் தகடுகளின்மேல் ரிவெட் ஆணிகளை அறையும் ஓசை இடைவிடாது ஒலிக்கும். அங்கே பேச்சு கேட்காது. கையசைவும் உதட்டசைவுமே மொழி. பல்லாண்டு அங்கு உழைத்தவர் பலர் செவிப்புலன் குன்றினர். அதனைத் தொழிலின் விலை என்றே அவர்கள் ஏற்றுக்கொண்டனர்.

அவ்விரும்பொலிக்கு நடுவே ஒரு கல்வியாளரும் தோன்றினார் என்பது வியப்புக்குரியது. சுவிண்டனை அடுத்த சௌத் மார்ஸ்டன் சிற்றூரில் 1877இல் பிறந்த ஆல்பிரட் வில்லியம்ஸ், பணிமனையில் சம்மட்டித் தொழிலாளியாக இருபதாண்டுகளுக்கு மேல் உழைத்தார். வேலைநேரம் போக எஞ்சிய பொழுதில் இலத்தீனமும் கிரேக்கமும் தாமே கற்றார், கவிதைகள் இயற்றினார். உடல்நலம் குன்றி 1914இல் பணிமனையை விட்டபின், அங்கு தாம் கண்ட வாழ்வை ஒளிவுமறைவின்றி எழுதி 1915இல் நூலாக வெளியிட்டார். முதல் உலகப் போரின்போது படைவீரராக இந்தியாவுக்கு வந்த அவர், அந்நாட்டின்பால் ஈடுபாடு கொண்டு வடமொழியும் பயின்றார். பஞ்சதந்திரக் கதைகளை ஆங்கிலத்தில் எழுதினார். 1930இல் வறுமையிலேயே அவர் மறைந்தார். பணிமனையின் வாழ்வை உள்ளிருந்தே எழுதும் மரபுக்கு அவர் முன்னோடி எனலாம். முப்பதுகளில் அங்குத் தொழில் பயின்ற ஹியூ ஃபிரீபரி தம் நினைவுகளை 1985இல் நூலாக்கியதும் அம்மரபின் தொடர்ச்சியே.

பெண்களின் உழைப்பு

பணிமனையை ஆடவர் உலகமென்றே பலரும் கருதினர். அது முழு உண்மையன்று. இரயில் பெட்டிகளின் இருக்கைகளுக்குத் தைப்பதிலும் பிற வேலைகளிலும் பெண்கள் முன்பிருந்தே ஈடுபட்டிருந்தனர். போர்க்காலத்தில் ஆடவர் படைக்குச் சென்றபோது, பாரந்தூக்கிகளை இயக்குவது முதலாக ஆடவர்க்கே உரியவை எனக் கருதப்பட்ட வேலைகள் பலவற்றைப் பெண்கள் செய்தனர். போர் முடிந்ததும் அவர்களுட் பெரும்பாலோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். நகரில் இருந்த வில்ஸ் புகையிலைத் தொழிற்சாலையும் ஆடை தைக்கும் தொழிற்சாலையும் இளம்பெண்களுக்கு வேலை தந்தன. ரோசா மாத்சன் என்னும் ஆய்வாளர், இரயில்வேயில் உழைத்த பெண்களைத் தேடிச் சென்று கேட்டெழுதி நூல்களாக்கிய பின்னரே, அவர்தம் உழைப்பு வரலாற்றில் உரிய இடம் பெறத் தொடங்கியது.

சேர்ந்து வாழ்ந்த மக்கள்

தொழிலாளர் தம் நலனைத் தாமே பேணிக்கொண்டமை இந்நகரின் தலைசிறந்த பேறு. 1844இல் தோன்றிய தொழிலாளர் கல்விக் கழகம் நூலகமும் சொற்பொழிவுகளும் நாடக அரங்கும் அளித்தது. 1847இல் மருத்துவ நிதிச் சங்கம் உருவாயிற்று. ஒவ்வொருவர் ஊதியத்திலிருந்தும் வாரந்தோறும் சிறு தொகை பிடிக்கப்பட்டது. அதனைக் கொண்டு குடும்பம் முழுவதற்கும் மருத்துவம் கிடைத்தது. மருத்துவமனை, மருந்தகம், பல் மருத்துவம், நீச்சல்குளம், வெந்நீர்க் குளியல் என அச்சங்கம் விரிந்தது. 1948ஆம் ஆண்டு சூலை 5ஆம் நாள் பிரிட்டனில் தேசிய மருத்துவச் சேவை தொடங்கியபோது, சுவிண்டன் மக்களுக்கு அது புதுமையாகத் தோன்றவில்லை. அச்சேவையை நிறுவிய அமைச்சர் அனூரின் பெவனின் சொந்த ஊரான திரெடீகரில் இருந்த தொழிலாளர் மருத்துவ உதவிச் சங்கத்தோடு, சுவிண்டன் சங்கத்தையும் அதன் முன்னோடிகளுள் ஒன்றாகச் சுட்டுவர்.

ஆண்டுக்கொருமுறை சூலைத் திங்களில் வந்த விடுமுறைப் பயணம் மற்றொரு நினைவு. பணிமனை மூடப்படும், தொழிலாளர் குடும்பங்களுக்கு இலவச இரயில் சீட்டு வழங்கப்படும். 1849இல் ஏறத்தாழ 500 பேர் ஆக்ஸ்போர்டுக்குச் சென்றதில் தொடங்கிய இவ்வழக்கம், முதல் உலகப் போருக்குச் சற்று முன்னர் ஏறத்தாழ 25,000 பேர் செல்லும் பெருநிகழ்வாக வளர்ந்தது. பணிமனைத் தண்டவாளங்களில் நிற்கும் வண்டிகளில், நடைமேடை இல்லாமையால், ஏணிப்படி வைத்து ஏறுவர். வெய்மத் கடற்கரையில் கால் வைத்தால், அண்டை வீட்டாரும் எதிர் வீட்டாரும் அங்கேயே இருப்பர். நகரமோ கடைகள் அடைத்து வெறிச்சோடும்.

இதன் மறுபுறத்தையும் முதியோர் மறைக்கவில்லை. 1938ஆம் ஆண்டின் ஊதிய விடுமுறைச் சட்டத்துக்கு முன், அவ்வாரத்துக்கு ஊதியம் கிடையாது. கடலுக்குச் சென்று திரும்பிய குடும்பம், அடுத்த ஊதிய நாள்வரை ஒட்டிய வயிற்றோடு காத்திருக்க நேர்ந்தது. பிள்ளைகளின் நினைவில் பதிந்தது கடல். தாய்மாரின் நினைவில் பதிந்தது கடன்.

தேய்ந்த ஒலி

1948ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் இரயில்வே நாட்டுடைமை ஆயிற்று. பணிமனை நிலைத்தே தீரும் என மக்கள் நம்பினர். ஆனால் காலம் மாறிக்கொண்டிருந்தது. 1952ஆம் ஆண்டின் நகர் வளர்ச்சிச் சட்டத்தின்படி இலண்டன் குடும்பங்கள் பல இங்குக் குடியேறின. வயல்களில் புதிய குடியிருப்புகள் எழுந்தன. 1961இல் மக்கள்தொகை 91,000ஐக் கடந்தது. 1955இல் தொடங்கிய மோட்டார் வண்டி உடற்பகுதித் தொழிற்சாலை கூடுதல் ஊதியம் தந்தது. தந்தை 'உள்ளே' இருந்தும் மகன் அங்குச் செல்ல மறுத்தான்.

1960ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், பிரிட்டிஷ் இரயில்வேயின் கடைசி நீராவி எஞ்சின் சுவிண்டனில் நிறைவெய்தியது. 'மாலை விண்மீன்' எனப் பொருள்படும் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அதன்பின் டீசல் எஞ்சின்கள் சில காலம் செய்யப்பட்டன. பின்னர் பெரும்பாலும் பழுதுபார்க்கும் வேலையே எஞ்சியது. கிரேட் வெஸ்டர்ன் நிறுவனத்தின் 150ஆம் ஆண்டு விழா கொண்டாடப்பட வேண்டிய 1985ஆம் ஆண்டிலேயே பணிமனை மூடப்படும் என்னும் அறிவிப்பு வெளியாயிற்று. 1986ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 26ஆம் நாள் சங்கு கடைசி முறையாக ஒலித்தது. நூறாண்டுகளுக்கு மேலாக நகரை எழுப்பிய குரல் அன்றோடு அடங்கிற்று. கூடங்களுள் சில 1997இல் அங்காடி வளாகமாயின. ஒரு பகுதியில் 2000இல் இரயில்வே அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பணிமனை மூடப்படும் தறுவாயில் சௌத் மார்ஸ்டனில் தொழில் தொடங்கிய ஹோண்டா மோட்டார் நிறுவனமும் 2021இல் தன் கதவுகளை மூடிக்கொண்டது. ஒரே தலைமுறையில் இருமுறை இழந்த நகரம் அது.

தூசு உரைத்த உண்மை

பணிமனை மூடப்பட்ட பின்னரும் அதன் கதை முடியவில்லை. கொதிகலன்களின்மேல் வெப்பம் வெளியேறாதபடி பூசுவதற்கும், இரயில் பெட்டிகளின் உட்புறத்தில் தெளிப்பதற்கும் கல்நார் பயன்பட்டது. உலர்ந்த கல்நாரை நீரில் குழைத்துப் பூசுவர். பழையதை உடைத்து அகற்றுவர். காற்றில் தூசு பறக்கும். இளைஞர் ஈரக் கல்நாரைப் பனிக்கட்டி உருண்டைபோல் உருட்டி ஒருவர்மேல் ஒருவர் எறிந்து விளையாடினர். தூசு படிந்த உடையோடு வீடு திரும்பிய கணவனின் சட்டையை மனைவி உதறித் துவைத்தாள். பிள்ளைகள் ஓடிவந்து தந்தையைக் கட்டிக்கொண்டனர்.

கல்நார்த் தூசு நுரையீரலைச் சூழ்ந்த சவ்வில் புற்றுநோயை விளைவிக்கும் என்பதைத் தென்னாப்பிரிக்க மருத்துவ ஆய்வு ஒன்று 1960இல் எடுத்துக்காட்டிற்று. 1965இல் இலண்டனில் நிகழ்ந்த ஆய்வு, தொழிலாளரின் வீட்டாரையும் அந்நோய் தாக்கியதைக் காட்டிற்று. அந்நோய் வெளிப்படுவதற்கு 20 ஆண்டுகள் முதல் 50 ஆண்டுகள்வரை ஆகலாம். நீலக் கல்நாரும் பழுப்புக் கல்நாரும் பிரிட்டனில் தடை செய்யப்பட்ட ஆண்டு 1985. வெள்ளைக் கல்நாருக்குத் தடை வந்தது 1999இல். அதற்குள் சுவிண்டனில் முன்னாள் தொழிலாளர் பலர் அந்நோய்க்கு இரையாயினர். அதனைச் 'சுவிண்டன் நோய்' என்றே மக்கள் குறிப்பிடலாயினர். ஊரின் பெயர் எஞ்சினில் பொறிக்கப்பட்டது ஒரு காலம். நோயில் பொறிக்கப்பட்டது மற்றொரு காலம்.

நினைவின் மதிப்பு இவ்விடத்தில்தான் முழுமையாக விளங்குகிறது. நோயுற்றவர் இழப்பீடு கோருமிடத்து, பல்லாண்டுகளுக்கு முன் எந்தக் கூடத்தில், எவ்வகை வேலையில், எவ்வாறு அத்தூசுக்கு ஆட்பட்டார் என்பதை நிறுவ வேண்டும். எஞ்சின்களின் எண்ணையும் எடையையும் குறித்துவைத்த ஏடுகள், ஒரு சிறுவன் எந்த நாளில் எந்தத் தூசைச் சுவாசித்தான் என்பதைக் குறித்துவைக்கவில்லை. அதனை அறிந்தவர் அவனும் அவனுடன் உழைத்தவருமே. அன்று வேடிக்கையாகச் சொல்லப்பட்ட பனிக்கட்டி விளையாட்டு, பின்னாளில் சான்றாக மாறியது. சட்டையை உதறிய மனைவியின் நினைவும் அவ்வாறே.

கேட்க வேண்டிய இரண்டாம் வினா

முதியோரின் நினைவுகளைத் திரட்டும்போது இனிமையை மட்டும் ஏற்றுக் கசப்பை விலக்குவது எளிது. 'அந்தக் காலமே பொற்காலம்' என்னும் முடிவுக்கு வருவதும் எளிது. சுவிண்டன் மக்களின் நினைவுகள் அவ்வாறு பிரிக்க இயலாதவை. சங்கொலி தந்த ஒழுங்கும் அதன் அடிமைத்தனமும் ஒன்றே. பணிமனை தந்த சோறும் அது தந்த தூசும் ஒரே கூடத்திலிருந்து வந்தவை. தொழிலாளர் அவ்விரண்டையும் அறிந்தே தம் தொழிலைப் பற்றிப் பெருமை பேசினர். அப்பெருமையைப் பொய்யென்று தள்ளுவதும் தவறு; அதனைக் கொண்டு இழப்பை மூடுவதும் தவறு.

ஆகவே, வரலாறு கற்பிப்போரும் கற்போரும் ஒரு முதியவரிடம், “அக்காலம் எப்படி இருந்தது?” என்று கேட்பதோடு நின்றுவிடலாகாது. “உங்கள் கைகள் எதைத் தொட்டன? நீங்கள் எதைச் சுவாசித்தீர்கள்? வீட்டில் யார் அதனைத் துடைத்தார்?” என்னும் இரண்டாம் வினாவையும் கேட்க வேண்டும். முதல் வினாவுக்கு விடையாக ஒரு கதை கிடைக்கும். இரண்டாம் வினாவுக்கு விடையாக வரலாறு கிடைக்கும். சுவிண்டனின் சங்கு ஓய்ந்துவிட்டது. அதன் ஒலிக்கு எழுந்து சென்றவர்களும் ஒருவர்பின் ஒருவராக மறைந்து வருகின்றனர். அவர்கள் சொல்லிச் சென்றவை எழுத்தில் நின்றால், அந்நகரம் செய்த எஞ்சின்களோடு அவற்றைச் செய்த மனிதரும் வரலாற்றில் வாழ்வர்.